அம்மாச்சி மடியும் முறுக்கு டின்னும்

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு, அப்பா வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. தொட்டில், வெள்ளிக் கொலுசு, ஐந்து வகைப் பலகாரம் என்று அம்மா ஒரு பக்கம் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே குழந்தைக்கான கார் சீட்.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“பச்சப்புள்ளைய இப்படிக் கட்டிப்போட்டா கொண்டுபோவாங்க? அம்மாச்சி நான் எதுக்கு இருக்கேன்? எம் மடியில வச்சுக்க மாட்டேனா?”

சொன்னது மகளிடம்தான். மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்வாரா? ஆனால், அவர் காதில் விழும்படியாகச் சொன்னார்.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்த மடி அது. இந்த மகளையே கைக்குழந்தையாகத் திருச்சியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். பேத்தி பிறந்த நாள் முதல் காலில் போட்டுக் குளிப்பாட்டி, ராத்திரியெல்லாம் தோளில் போட்டுத் தட்டியவர். சென்னையில் விட்டுவிட்டு வந்தால் அப்புறம் எப்போது அந்தக் குழந்தை மடிக்கு வருமோ? அந்த ஒரு பகல் பயணத்தைத்தான் அவர் எண்ணி வைத்திருந்தார். அதைப் போய் ஒரு பிளாஸ்டிக் சீட் பிடுங்கிக்கொண்டால்?

மகளுக்கும் முதலில் அரை மனதுதான். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“சென்னைக்கு எப்படிப் போறீங்க?”

“கார்லதான் டாக்டர். அம்மா மடியில வச்சுப்பாங்க.”

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன் மீதாவது மோதினால், கண் இமைக்கும் நேரத்தில் நின்றுவிடும். கார் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் போவார்கள். அந்த நொடியில் ஒவ்வொருவரையும் இழுக்கும் விசை, அவரவர் எடையைப்போல் சுமார் 20 மடங்கு. குழந்தை ஏழு கிலோ என்றால் 140 கிலோ.

“உங்க அம்மா 140 கிலோ மூட்டையைக் கையில பிடிச்சு நிறுத்துவாங்களாம்மா?”

ஒரே பெல்ட்டைத் தன்னையும் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டாள். அது இன்னும் மோசமாம். பின்னால் இருக்கும் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும். அன்று இரவே கணவருக்குப் போன் போட்டுவிட்டாள். பெரியப்பா வீட்டில் பழைய சீட் ஒன்று சும்மா கிடந்தது. அந்தக் கார் ஒருமுறை விபத்தில் சிக்கியது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அடி வாங்கிய சீட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம்.

மாப்பிள்ளை முதலில் சீட்டை மாட்டியதே தப்பு. குழந்தை ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரட்டுமே என்று முன்பக்கம் பார்த்தபடி வைத்துவிட்டார். கூட வந்த கையேட்டை உட்கார்ந்து படித்தவள் மகள். (வாங்குகிற எத்தனை பேர் அதைப் பிரிக்கிறார்கள்?) கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் கெட்டிப்படாதது. முன்னால் பார்த்திருந்தால், மோதும்போது உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்னால் பார்த்திருந்தால் முதுகு, கழுத்து, தலை என்று மொத்தத்தையும் சீட்டே தாங்கிக்கொள்ளும்.

இந்த யோசனை வந்த இடம் வேடிக்கையானது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்து, ராக்கெட்டின் விசையை முதுகால் தாங்கும்படியான இருக்கை அமைப்பைப் பார்த்துத்தான் சுவீடன் ஆய்வாளர் பெர்ட்டில் ஆல்ட்மன் இப்படி ஒரு சீட்டை வடிவமைத்தார். 1964-ல் வோல்வோ காரில் அதைச் சோதித்தார்கள். சுவீடனில் நான்கு வயது வரைகூடப் பிள்ளைகள் பின்னால் பார்த்துத்தான் போகிறார்கள். ஒரு வயதானதும் திருப்பிவிட வேண்டும் என்று அவசரமில்லை. சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர அளவைத் தாண்டும்வரை அப்படியே இருக்கலாம்.

சரி, முன்சீட்டில் அப்பா பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில், பின்னால் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரிகிற வேகத்தில் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும்.

மறுபடி பின்சீட்டில் மாட்டினார்கள். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மாப்பிள்ளை முழங்காலை ஊன்றி, முழு பலத்தையும் கொடுத்து இறுக்கியபின்தான் அது சரியாக நின்றது. அடுத்து, சாய்வு. சீட் நிமிர்ந்திருந்தால் தூங்கும்போது குழந்தையின் தலை கவிழ்ந்து, தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் அடைபடலாம். தோள்பட்டை விஷயத்தில் அம்மாவே வகையாக மாட்டிக்கொண்டார். ஏசி குளிருமே என்று குழந்தையைக் கனமான துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டை எடுத்ததும் இறுக்கமாக இருந்த பட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மெல்லிய சட்டையோடு உட்காரவைத்து, தோளருகே பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடாத அளவுக்கு இறுக்கினாள் மகள். அதற்கு மேலே போர்த்தத் துண்டு.

“சட்டமே வந்துடுச்சு அத்தை” என்றார் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி. உண்மைதான். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். அம்மா அசரவில்லை. ஆயிரம் ரூபாயைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். முன்சீட்டில் அப்பா. பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில், நடுவில் அம்மா. டிக்கி நிரம்பிவிட்டதால் முறுக்கு டின் அம்மா மடியில்.

கும்பகோணம் தாண்டியதும் குழந்தை அழ ஆரம்பித்தது. கார் சீட் வாங்கிய எல்லா வீட்டிலும் வருகிற சோதனை இது. “அஞ்சு நிமிஷம் எடுத்துக் குடு. தூங்குனதும் திரும்பப் படுக்க வச்சிடலாம்” என்றார் அம்மா. ஓடுகிற காரில் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெற்றவளுக்குச் சுலபமா? மகளின் விரல் சிவப்புப் பொத்தான் வரை போய்விட்டது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, “வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்றாள். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, பால் கொடுத்து, தட்டி, அம்மா தோளில் கால் மணி நேரம் தூங்கவிட்டு, மறுபடி சீட்டில் மாட்டிக் கிளம்பினார்கள். அப்படியே மணிக்கு ஒருமுறை நிறுத்துவது என்று முடிவானது. ஏழு மணி நேரம் ஒன்பதாகும், ஆகட்டும்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டி, குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. சாலையோரப் புதரிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது, பின்னாலேயே தாயாடு. மாப்பிள்ளை பிரேக்கை முழுதாக மிதித்தார்.

கார் நின்றுவிட்டது. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அம்மா இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே சரிந்திருந்தார். தோளில் நல்ல அடி. அவர் இரண்டு கையாலும் அணைத்து வைத்திருந்த முறுக்கு டின் கியரைத் தாண்டிப் பறந்து, டேஷ்போர்டில் மோதி, மூடி திறந்து கிடந்தது. கார் முழுக்க முறுக்கு.

குழந்தை கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை இறங்கி டின்னை எடுத்தார். மோதல்கூட இல்லை, வெறும் பிரேக். டின் நாலு கிலோ இருந்தால் அதிகம். அம்மா அந்த டின்னையும் பேத்தியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: “எனக்கும் அந்த பெல்ட்ட மாட்டி விடேன்.” பெல்ட்டின் கொக்கி சீட்டு இடுக்கில் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து மாட்டிவிட்டாள் மகள். பெல்ட் போடாத பெரியவர் தூக்கி எறியப்பட்டால் பக்கத்துக் குழந்தை மேலேயே விழலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் அப்போது சொல்லவில்லை.

சென்னையில் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். பலகாரங்களை எடுத்து வைத்த சம்பந்தியம்மா டின்னைத் திறந்து பார்த்தார்.

“என்ன சம்பந்தி, முறுக்கெல்லாம் இப்படி நொறுங்கிப்போச்சு?”

“மடியில வச்சுக் கொண்டாந்தேன் சம்பந்தி, அதான்” என்றார் அம்மா.