நான் கேட்காத கேள்வி

சகோதரிகளே, என் மகனுக்கு ரயில் என்றால் உயிர். லயத்துக்கு யார் வந்தாலும் ரயில் பேச்சுதான். "வாயை மூடுடா" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன்! ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகும் என் வெட்கம் தீரவில்லை.

இன்று அவன் பல்கலைக்கழக மாணவன். சென்ற மாதம் அங்கே ஒரு சந்திப்பு. அவனைப் போன்ற பிள்ளைகளும் மற்றவர்களும் கூடி, தங்களுக்கு உயிரானதைப் பற்றிப் பேசும் நாள். பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பாட்டுச் சத்தம் இல்லை. கைதட்டாமல், கையை அசைத்தே பாராட்டினார்கள். கூட்டம் தாங்காதவர் ஒதுங்கியிருக்கத் தனி அறையும் இருந்தது.

என் மகன் எழுந்தான். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோலா செப்பெத்தாங்கிற்கு, ஓடியதாம். ஈயம் கொண்டுபோகப் போட்ட பாதையாம். யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. ஆனால் குரல் தடுமாறவில்லை.

முன்வரிசை மாணவி ஒருத்தி, "பிறகு என்ன ஆச்சு?" என்றாள்.

இருபது வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி!

உங்கள் வீட்டிலும் ஒரே பேச்சைப் பேசும் பிள்ளை உண்டா? ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் அன்றிரவுதான் உட்கார்ந்தேன்.