வடகம் காயும் பருவம்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காகத் தமிழ்நாட்டில் 2001இல் இந்தத் தடை வந்தபோது 45 நாள்தான். 2017இல் அது 61 ஆனது. இந்த இரண்டு மாதமும் மீனவர் வீடுகளில் எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று கடலூரின் தேவனாம்பட்டினத்தில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். அங்குள்ள பெண்களின் சிரிப்பு வெள்ளிக் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

அக்னி நட்சத்திரமும் இதே இடைவெளியில்தான் வருகிறது. ஊரெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வெயிலுக்காகவே காத்திருக்கும் ஒரு வேலை உண்டு. தாளிப்பு வடகம் போடுவது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் மீன் குழம்பைக் கடைசியில் வடகத்தால் தாளிக்காவிட்டால் அது குழம்பாகவே கணக்கில் வராது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் தூள், உப்பு. அளவு வீட்டுக்கு வீடு மாறும், மாமியார் அளவா அம்மா அளவா என்ற வழக்கும் உண்டு. வெங்காயத்தை மிக்சியில் அரைத்தால் கூழாகிப் போகும். உரலில் ஒன்றிரண்டாக இடித்தால்தான் சரி. எல்லாவற்றையும் பிசறி ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் காலையில் உருண்டை பிடித்து வெயிலில் வைக்கிறார்கள். சாயங்காலம் அந்த உருண்டைகளை உதிர்த்து, பாத்திரத்தில் தங்கிய சாற்றோடு மறுபடி பிசறி மூடுகிறார்கள். காலையில் மீண்டும் உருட்டல். சாறு முழுக்க வற்றும்வரை இப்படியே நடக்கும். பிறகு உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி கடைசி உருட்டு உருட்டி, கல்லு மாதிரி ஆகும்வரை காயவிட வேண்டும். விளக்கெண்ணெய் பூச்சியை அண்டவிடாது. ஜாடிக்குள் போனால் அடுத்த கோடை வரை தாங்கும்.

வெறும் சமையல் வேலை என்று பார்த்தால் இது அலுப்பான காரியம். கண்ணெரியும், கையில் பூண்டு வாடை நாலு நாளைக்குப் போகாது. ஆனாலும் மாடிக்கு மாடி குரல் போய்வருவதில் அலுப்பு பாதி கரைந்துவிடுகிறது.

"வடகம் காய்ஞ்சுதா அண்ணி?"

"எங்க காயுது... நேத்து மத்தியானமே மேகம் மூடிக்கிச்சு. உங்களுது?"

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்."

வெயிலை எண்ணிக்கையில் சொல்வது வடகக்காரர்களுக்கே உரிய கணக்கு. கடைகளில் பாக்கெட் வடகம் கிடைக்கத்தான் செய்கிறது. அதில் சில நன்றாகவே இருக்கின்றன. பலவற்றில் உளுந்து தூக்கல், வெங்காயம் பேருக்கு. எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தால் எது எந்த ரகம் என்று மூக்கே சொல்லிவிடும்.

வடகத்தின் பக்கத்திலேயே இன்னொன்றும் காயும். விசைப்படகு போகாத நாட்களில் நாட்டுப்படகும் பைபர் படகும் கொண்டுவருவதுதான் மீன், விலை ஏறிவிடும். அப்போது வீட்டைக் காப்பாற்றுவது கருவாடு. நெத்திலி, வாளை, காரப்பொடி, சுறா என்று ஆளுக்கொரு ரகம் பிடிக்கும். பெரிய மீனானால் வகிர்ந்து, குடல் எடுத்து, உப்பை அடுக்கடுக்காகப் போட்டு ஊறவைத்துக் காயவைக்கிறார்கள்; நெத்திலிக்கு அவ்வளவு பாடு இல்லை, நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாளில் சுருண்டுவிடும். மணலில் பரப்பிக் காயவைத்தால் பல்லில் மணல் நெறிபடும் என்பதால், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரணில் பழைய வலையை விரித்து அதன்மேல் உலர்த்தும் வழக்கம் வந்திருக்கிறது. காற்று அடியிலிருந்தும் புகுவதால் சீக்கிரம் காய்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேரும். மாங்காய்க் காலமானால் மாங்கொட்டையையும் விடுவதில்லை. கொட்டையில் ஒட்டியிருக்கும் சதைதான் அந்தக் குழம்பின் பரிசு. அதற்கு வீட்டுப் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்காத நாள் அபூர்வம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. நாள்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுகளில் சமைப்பது ஆண்கள்தான். ஆடுகிற படகில், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, அப்போது பிடித்த மீனில் அவர்கள் வைக்கும் குழம்பின் ருசியைப் பற்றிக் கரையில் பெருமை பேசாதவர் கிடையாது. ஆனால் கடலில் அவ்வளவு கைதேர்ந்தவர்களுக்குக் கரையேறியதும் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறது! தடைக்காலம் அந்த மறதிக்கு நல்ல மருந்து. சில வீடுகளில் வேலை செய்யவும் செய்கிறது.

கடலூரிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர் போனால், கருவாட்டுக் குழம்பில் சேரும் அதே கத்தரிக்காய்க்கு வேறு வாழ்வு. சிதம்பரம் நடராசர் கோயில் நைவேத்தியத்தோடு பேர் பெற்றவை சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். சாதத்தில் மிளகு, சீரகம், நெய். வேறு ஆடம்பரம் இல்லை. கொத்சில்தான் கைவண்ணம் தெரியும். பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரில் வேகவிட்டு, மசித்து, மல்லியும் மிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்த தூளைத் தூவி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பில் விட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அது புளிக்குழம்பு. கோயில் வழியில் வெங்காயம் கிடையாது. ஓட்டல்காரர்கள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்று சின்ன வெங்காயம் சேர்த்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இட்லிக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் முற்றிய கத்தரிக்காயில் செய்த கொத்சை யாராலும் காப்பாற்ற முடியாது. விதை வாயில் தட்டும், கசப்பும் ஏறும். காலையில் செடியிலிருந்து பறித்ததை அன்றே சமைக்க முடிகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கொல்லையில் நாலு கத்தரிச் செடி நிற்பதன் அர்த்தம் அதுதான்.

கடற்கரையில் தோட்டம் போடுவது அவ்வளவு சுலபமில்லை. மணல், ஊற்றிய தண்ணீரை நொடியில் குடித்துவிடும். போட்ட எருவையும் தண்ணீரோடு கீழே அனுப்பிவிடும். அதற்குத் தேங்காய் மட்டைதான் வைத்தியம். குழி தோண்டி, தேங்காய் உரிமட்டைகளைக் குழிவுப்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, அதன்மேல் ஏரி வண்டலும் சாணமும் மணலும் கலந்து நிரப்பினால் நார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புக் காற்றில் கருகாமல் இருக்க, கடல் பக்கமாகப் பூவரசோ நொச்சியோ வேலியாக நிற்க வேண்டும். தண்ணீரிலும் கவனம் தேவை. கரையோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காகத்தான் தங்கியிருக்கிறது. கைப்பம்பில் அளவாக அடித்தால் நல்ல தண்ணீர் வரும். மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். பேராசைக்காரத் தோட்டக்காரர் இங்கே சீக்கிரம் மாட்டிக்கொள்வார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையின் மண்ணையும் கிணறுகளையும் உப்பாக்கிவிட்டுப் போனது. மழைதான் மெல்ல மெல்ல அதைக் கழுவியது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலா மரம் மறுபடி காய்க்க ஆண்டுகள் பிடிக்கும். முருங்கைக்கு அந்தக் கர்வம் இல்லை. சின்னக் காற்றுக்கே முறியும். முறிந்த கிளையில் ஒரு போத்து வெட்டி ஈரமண்ணில் ஊன்றிவிட்டால் துளிர்க்கும். அடிக்கடி காற்று பிய்த்துப் போடும் ஊரில் வீட்டுக்கு வீடு முருங்கை நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தேவனாம்பட்டினத்து நிலத்துக்கு வேறொரு விசித்திரக் கதையும் உண்டு. 1690இல் மராட்டியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பது பேச்சு. நாலா பக்கமும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. புனித டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயர் சூட்டிய இடம் இன்று இடிபாடு. ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கரைகளில் இறக்கிவிட்டதில் நிலைத்து நின்றது சமையலறையில்தான்: மிளகாய், முந்திரி, இந்த வட்டாரம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. மிளகாய் இல்லாத மீன் குழம்பை இன்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

தோட்டத்துக்கு உரம் வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமும் இல்லை. மீன் கழிவான குடல், செதில், தலை ஆகியவற்றுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடி நிழலில் வைத்தால், மூன்று நாலு வாரத்தில் தேன் நிறத்தில் ஒரு திரவம் பிரியும். அதுதான் மீன் அமிலம். கொரியாவில் சோ ஹான் கியூ வகுத்த இயற்கை வேளாண்மையில் இடம்பெற்ற இந்த முறையை இன்று தமிழ்நாட்டு மாடித்தோட்டக்காரர்கள் பலரும் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து தெளித்தால் இலை கருகருவென்று வரும். பக்குவமாக வந்திருந்தால் பழ வாசனை அடிக்கும். நாற்றமடித்தால் வெல்லம் குறைந்துவிட்டது என்று பொருள். கடலூருக்கு இது கைக்கெட்டிய வைத்தியம். மீன் கழிவு துறைமுகத்தில். வெல்லத்துக்கு, சற்று மேற்கே நெல்லிக்குப்பத்தைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலையை நம்பி விளையும் கரும்பு. தொல்லை ஒன்றுதான். மூடியின்மேல் பாரம் வைக்க மறந்தால் தெருப் பூனைகள் முந்திக்கொள்ளும். மீன் கழுவிய தண்ணீரையும் செடிக்கு ஊற்றலாம், கருவாடு ஊறவைத்த தண்ணீரை மட்டும் கூடாது. அதில் இருப்பது உப்பு.

பிற்பகல் வெயில் தாழ்ந்தபின் திண்ணைகளில் வேறு வேலை தொடங்குகிறது. ஒரு பக்கம் ஆண்கள் வலை ஊசியோடு கிழிந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் வயர் கூடை. சாதா முடிச்சு, பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று வகைகள். அளந்து வெட்டிய வயர்களை நடுவில் மடித்து அடிப்பகுதியைப் போடுவதுதான் கடினம். முதல் வரிசை கோணினால் கூடை முழுவதும் கோணும். அடி முடிந்து பக்கச் சுவர் ஏறத் தொடங்கினால் கண் பார்க்காமலே கை போகும். சுற்றி ஓடும் வயர் தீர்ந்தால் புது வயரை முடிச்சுக்குள் ஒளித்து இணைக்க வேண்டும். தேர்ந்தவர் பின்னிய கூடையில் அந்த இணைப்பு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. இரண்டு கூடைக்குள் விரல் நுனி காய்த்துவிடும்.

ஒரு காலத்தில் வயர் கூடை எடுத்துக் கடைக்குப் போவது பட்டிக்காட்டு அடையாளமாகப் பார்க்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகு மஞ்சப்பையோடு சேர்ந்து வயர் கூடையும் மரியாதை பெற்றுவிட்டது. பிளாஸ்டிக் வயர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கும் கூடையையும் பத்து நிமிடத்தில் குப்பைக்குப் போகும் பையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. திண்ணைக் கைவேலை கூடையோடு முடிவதில்லை. கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்களுக்குக் கூடை பின்னுவதெல்லாம் ஒரு வேலையாகவே தெரியாது. நவராத்திரிக்குப் பல மாதம் முன்பே களிமண்ணும் காகிதக் கூழும் அவர்கள் திண்ணைகளில் உருவம் எடுக்கத் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்ற பெயரில் அடக்குவது சரியாகப் படவில்லை. விடியுமுன்னே கூடையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்றுவிட்டு வரும் பெண்ணிடம் வடகம் உருட்டுவது ஆனந்தம் என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். அதே பெண் தடைக்காலத்தில், பக்கத்து வீட்டு உரலை இரவல் வாங்கி, மகள் வெங்காயம் உரிக்க, கணவன் பரண் கட்ட, நடுவில் உட்கார்ந்து உருட்டும்போது முகம் வேறு மாதிரி இருக்கிறது. வேலை அதுவேதான். நேரம் இருப்பதும், கூடக் கை இருப்பதும்தான் வித்தியாசம். கைவேலையின் மகிழ்ச்சியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது இந்த இரண்டையும் விட்டுவிடுகின்றன.

ஆடிப்பட்டம் நெருங்கும்போது அவரை, புடலை, சுரை, பீர்க்கு விதைக்க நினைப்பவர்கள் பந்தலுக்குக் கடையில் நைலான் வலை வாங்கப் போவதற்கு முன் ஒரு நடை மீனவர் பகுதிப் பக்கம் வரலாம். இனிக் கட்டிப் பயனில்லை என்று கழித்த வலை அங்கே கிடைக்கும். கொடி பிடித்து ஏற அந்தக் கண்ணி தாராளமாகப் போதும். கோழியிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் கீரைப் பாத்தியைக் காக்கவும் அதுவே ஆகும். கடலில் போய் விழுந்தால் அதே வலை ஆமையையும் மீனையும் ஆண்டுக்கணக்கில் சிக்க வைத்துக் கொல்லும். கேட்டு வாங்குங்கள். பதிலுக்குக் காய்த்தபின் ஒரு கை அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.