பூங்கா வாயிலில் ஓர் ஆராய்ச்சிமணி

விழா மலர் என்றால் பழம்பெருமை பேசுவது வழக்கம். ஆசிரியப் பெருமக்களின் அருங்குணங்களையும், விளையாட்டுப் போட்டிகளில் ஈட்டிய வெற்றிகளையும், விடுதி வாழ்க்கையின் குறும்புகளையும் எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், மலர்க்குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, நாடோறும் யாவரும் காண்பதும் எவரும் பேசாததுமாகிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். பூங்காவுக்குச் செல்லும் ஒரு பிள்ளை தெருவைக் கடப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். இஃது ஒரு சிறு பொருள் என்று நகைப்பாரும் உளராவர். முடிவுவரை படித்தபின் நகைப்பாராயின் எமக்கு வருத்தமில்லை.

யாழ்ப்பாண நகரில் சுப்பிரமணியம் பூங்காவை அறியாதார் இலர். ஒருபால் பொதுசன நூலகம். ஒருபால் மணிக்கூட்டுக் கோபுரம். அப்பால் முற்றவெளியும் முனியப்பர் கோயிலும் கோட்டையும். மாலை வேளையில் அங்கே ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் பிள்ளைகள் முண்டியடிப்பதைக் காண்பதே ஓர் இன்பம். தாய்மார் ஒருபுறம் கூடிப் பேசுவர். எம்போன்ற ஓய்வுபெற்றோர் நிழல் கண்ட இடத்தில் அமர்ந்து, தமக்குள் அரசியலைத் தீர்த்துவைப்பர். யுத்தம் இப்பகுதியைப் பாழ்படுத்திய காலத்தையும் கண்ட எமக்கு, அங்கே ஒரு குழந்தை சிரிக்கும் ஒலி தேவார இசைக்கு ஒப்பாகும். ஆனால் அக்குழந்தை பூங்காவினுட் புகுவதற்கு முன்னும், அங்கிருந்து மீண்ட பின்னும், ஒரு வீதியைக் கடந்தாக வேண்டும். இன்பத்துக்கு வாயிலாய் நிற்பது ஓர் இடர் என்பதே எமது கவலை.

யாழ்ப்பாணம் ஒருகாலத்திற் சைக்கிளின் இராச்சியமாய் இருந்தது. ஆசிரியரும் மாணவரும், வைத்தியரும் நோயாளரும் அதிலேயே ஊர்ந்தனர். 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் பெற்றோல் அருமருந்தாயிற்று. பழைய கார்கள் மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டு ஓடின. அத்துன்பக் காலத்தை நாம் மீண்டும் விரும்புகின்றோம் என்று எவரும் கருதற்க. ஆயினும், அந்நாளில் வீதியிற் சென்ற வாகனமும் நடந்து சென்ற மனிதனும் ஏறக்குறைய ஒரே வேகத்தினர்; ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துச் செல்ல முடிந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. வீதிகள் அகன்றன, காபெற் இடப்பெற்று வழவழப்பாயின, மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வான்களும் பெருகின. வீதி மாறியது, வேகம் மாறியது. நடப்பவனுடைய காலோ மாறவில்லை. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது சில மாதங்கள் சைக்கிள் மீண்டும் அரசு கட்டில் ஏறியது. வீதிகளும் சற்று அமைதி கொண்டன. பஞ்சம் நீங்கியதும் அவ்வமைதியும் நீங்கிற்று.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர் உளர். ஷெல் வீச்சுக்குத் தப்பியவர். இடப்பெயர்வுகள் பலவற்றைக் கண்டவர். ஒரு மாலை, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு எதிரே வீதியில் இறங்கினார். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு வானின் மறைவிலிருந்து அவர் வெளிப்பட்ட கணத்தில் மோட்டார்ச் சைக்கிளொன்று வந்து மோதிற்று. பேத்தி தெய்வாதீனமாகத் தப்பினாள். அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. அடுத்த நாள் அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். வண்டியோட்டிய இளைஞனும் அங்கே வந்து, கட்டிலருகே கண்கலங்கி நின்றான்.

“ஐயா, நான் மெதுவாத்தான் வந்தனான். நீங்கள்தான் திடீரெண்டு இறங்கியிட்டியள்” என்றான்.

“தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயசு. நான் ஒண்டையும் திடீரெண்டு செய்யிறேல்லை” என்று நண்பர் புன்னகையோடு கூறினார்.

அவ்விளைஞன் எந்தக் கல்லூரியிற் படித்தவன் என்று கேட்க எமக்கு நா எழவில்லை. எமது கல்லூரியின் பெயரே வந்துவிடுமோ என்னும் அச்சம். அவன் பொய் கூறினான் என்றும் நாம் எண்ணவில்லை. மெதுவாக வந்ததாகவே அவன் மெய்யாக நம்பினான். அகன்று வழவழப்பான வீதியில் வேகம் வேகமாய்த் தோன்றாது என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

பள்ளிக்கூடக் கணக்கொன்றை ஈண்டு நினைவூட்டுவோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது 8 மீற்றருக்குச் சிறிது அதிகமாக ஓடும். எதிரே பிள்ளையைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் தடையை மிதித்தற்கு ஒரு விநாடி செல்லும் எனக் கொள்வோம். உலர்ந்த வீதியில் 30இல் வந்தவன், கண்டது முதல் ஏறத்தாழ 13 மீற்றருக்குள் முற்றாக நின்றுவிடுவான். அதே 13 மீற்றரை 50இல் வந்தவன் கடக்கும்போது அவனது கால் தடையைத் தொட்டிருக்கவும் மாட்டாது. முன்னவன் நின்றுவிட்ட இடத்தைப் பின்னவன் வேகம் சிறிதுங் குன்றாமற் கடக்கின்றான் என்க. அன்றியும், மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதாதலின், 50இல் உள்ள வலு 30இல் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். இனி, பூங்காவை ஒட்டிய பாதை 300 மீற்றர் நீளமென வைத்துக்கொள்வோம். 50இல் கடப்போனுக்கு 22 விநாடியும், 30இல் கடப்போனுக்கு 36 விநாடியும் ஆகும். வித்தியாசம் 14 விநாடி. ஒரு பிள்ளையின் உயிருக்கு நாம் வைத்திருக்கும் விலை அவ்வளவே.

மோட்டார் வண்டி மோதி நடைப்பயணி ஒருவர் இறந்த நிகழ்ச்சி இங்கிலாந்தில் முதன்முதலாகப் பதிவானது 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இடம், இலண்டனில் மக்கள் உலாவச் சென்ற பளிங்கு மாளிகைப் பூங்கா. பிரிட்ஜெற் டிரிஸ்கொல் என்னும் பெண்மணி தம் மகளோடு அங்கே சென்றிருந்தபோது, காட்சிக்காக ஓட்டப்பட்ட வண்டியொன்றால் மோதுண்டு இறந்தார். மரண விசாரணை நடாத்திய அதிகாரி, இத்தகையதொன்று இனி ஒருபோதும் நிகழாதிருக்குமென நம்புவதாகக் கூறினாராம். அவர் நம்பிக்கை என்னாயிற்று? உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மடிகின்றனர். 5 முதல் 29 வயது வரையிலானோரைக் கொல்லும் காரணங்களுள் முதலிடம் பெறுவது நோயன்று, வீதி விபத்தே.

விபத்து நேர்ந்துழியெல்லாம் நாம் கேட்கும் முதற்சொல், “பிள்ளை திடீரெனக் குறுக்கே பாய்ந்துவிட்டது” என்பதாகும். இச்சொல் எமது சமயத்தவர்க்குப் புதியதன்று. திருவாரூரிலே மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து செல்கையிற் கன்றொன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டதையும், தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அசைத்ததையும் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றோம். அன்று அமைச்சர் கூறிய சமாதானமும் இதுவே. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை; கன்று தானாகவே வந்து விழுந்தது; கழுவாய் செய்தால் அமையும் என்றனர். அரசன் அதனை ஏற்றானல்லன். கழுவாய் தாய்ப்பசுவின் துயரை ஆற்றுமோ என்று கேட்டான். எமது நாட்டு மகாவம்சமோ இதனை ஒத்த கதையையே அநுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளன்மேல் வைத்துக் கூறுகின்றது. திஸ்ஸ வாவிக்குத் தேரேறிச் சென்ற அவன் மகனும் ஒரு கன்றைக் கொன்றான்; அங்கும் மணி ஒலித்தது; அங்கும் நீதி வழங்கப்பட்டது. தமிழ் நூலும் பாளி நூலும் ஒருங்கே போற்றும் நீதி இஃதாயின், அதன் உட்பொருளை நாம் ஆராய்தல் வேண்டும்.

மைந்தனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இந்நாளில் எவரும் வேண்டார், நாமும் வேண்டோம். வேண்டுவது அத்தண்டனையின் பின்னுள்ள கொள்கை. கன்று துள்ளும் இயல்புடையது. துள்ளுவது அதன் குற்றமாகாது. துள்ளும் உயிர்கள் உலாவும் தெருவிலே தேரைச் செலுத்துவோன்மீதே பொறுப்புச் சுமத்தப்பட்டது. குழந்தையும் அத்தகையதே. வரும் வாகனத்தின் வேகத்தை மதிக்கும் ஆற்றல் அதற்கு இன்னும் முதிரவில்லை. அதன் உயரமோ மூன்றரை அடி. நிறுத்திய காரின் மறைவில் நின்றால் அது சாரதியையும் காணாது, சாரதியும் அதனைக் காணான். “வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார்” என்று பிள்ளைக்குக் கற்பித்தல் இன்றியமையாதது. நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் நினைவாற்றலை மட்டும் நம்பி ஒரு வீதியை அமைத்தல் நீதியாகாது. 1997இல் சுவீடன் தேசத்துப் பாராளுமன்றம் வீதி மரணத்தை இல்லாதொழிப்பதையே இலக்காகக் கொண்டபோது அடிப்படையாக வைத்த கருத்தும் இதுவே. மனிதர் தவறுதல் இயல்பு. அத்தவறு மரணமாய் முடியாதவாறு வீதியை அமைத்தல் கடன் என்பதாம். 2020இல் ஸ்டொக்ஹோம் நகரிற் கூடிய உலக நாடுகளின் மாநாடும், நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்சவேகமாதல் வேண்டுமெனப் பிரகடனஞ் செய்தது.

இனிச் செய்யத்தக்கவை யாவை? பெருஞ்செலவு பிடிக்கும் மேம்பாலம் எதையும் நாம் கேட்கவில்லை. மேம்பாலத்தில் ஏற முதியவர்க்கு முழங்கால் இடங்கொடாது. இளைஞர்க்குப் பொறுமை இடங்கொடாது. பூங்கா வாயிலுக்கு நேரே உள்ள மஞ்சட்கடவையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தி அமைத்தல் முதலாவது. எச்சரிக்கைப் பலகையை மதியாத சாரதியும் மேட்டை மதிப்பான். தன் வண்டியின் அடிப்பாகம் அவனுக்கு அருமையானது. அவ்விடத்தில் இருபுறமும் நடைபாதையைச் சற்று வெளித்தள்ளி வீதியை ஒடுக்குதல் இரண்டாவது. பிள்ளை கடக்கவேண்டிய தூரம் அதனாற் குறையும்; வழவழத்து அகன்ற வீதி தரும் மயக்கமும் தெளியும். கடவையின் இருமருங்கும் பத்து மீற்றருக்கேனும் எவ்வாகனமும் நிறுத்தப்படாதிருத்தல் மூன்றாவது. இஃது ஒன்றிருந்திருப்பின் எமது நண்பர் இன்று ஊன்றுகோலின்றி நடப்பார். மாலை மங்கும் வேளையிற் கடவைமீது நல்ல விளக்கொளி விழுதல் நான்காவது. கச்சான் வண்டிலும் ஐஸ்கிரீம் வானும் பூங்காவின் பக்கத்திலேயே நிற்குமாறு செய்தல் ஐந்தாவது. இதனைக் கேட்டு நகைப்பவர், எதிர்ப்புறத்தில் ஐஸ்கிரீம் மணி ஒலிக்கும்போது ஒரு குழந்தையின் கால்களைச் சிறிது கவனிப்பாராக.

இவற்றைச் செய்யும் அதிகாரம் எம்மிடம் இல்லை. ஆனால் கேட்கும் வாய் உண்டு. பழைய மாணவர் சங்கத்திற் பொறியியலாளரும் வழக்கறிஞரும் வைத்தியரும் அரசாங்க உத்தியோகத்தரும் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்று எளிதில் ஒதுக்கப்படமாட்டாது. கல்லூரிச் சாரணர் ஒரு வாரம் மாலைதோறும் பூங்கா வாயிலில் நின்று, எத்தனை வாகனம் கடவையில் நின்றது, எத்தனை நில்லாது சென்றது, எத்தனை பிள்ளைகள் காத்து நின்றனர் என்று குறித்துத் தருவாராயின், விண்ணப்பத்துக்கு அதனினும் வலிய சான்று வேண்டா. சமூகசேவை என்பது அவர்கள் மார்பில் அணியும் சின்னத்தளவில் நின்றுவிடலாகாது.

ஆயினும், எவருடைய அனுமதியும் வேண்டாது நாளையே செய்யத்தக்கது ஒன்று உண்டு. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பெரும்பாலோர் கார் உடையவர். மாணவருட் பலர் மோட்டார்ச் சைக்கிளுக்காகத் தந்தையாரை நச்சரிப்போர். பூங்காவை அணுகுகையில் ஒருவர் வேகத்தைத் தணித்துக் கடவையில் நிறுத்துவாராயின், அவர்பின் வருவோர் யாவரும் நின்றே ஆகவேண்டும். ஓர் ஒழுக்கமுள்ள சாரதி பத்துப் பேரைத் தம்மையறியாமலே ஒழுங்குபடுத்துகின்றார். பின்னால் ஹோர்ன் ஒலிக்கும், ஒலிக்கட்டும். நிற்கின்ற பொழுது அடுத்த ஒழுங்கையில் மற்றொருவர் விரைந்து வருகின்றாரோ என்று கண்ணாடியிற் பார்த்து, பிள்ளைக்குக் கைகாட்டாது பொறுத்திருத்தலும் வேண்டும். கைகாட்டலை நம்பிய பிள்ளை மறுபுறத்தை நோக்காது ஓடும்.

சோழன் வாயிலில் ஒரு மணி தூங்கிற்று. வாயற்ற பசுவும் அதனை அசைக்க முடிந்தது. எமது பூங்கா வாயிலில் அத்தகைய மணி இல்லை. இருந்தாலும் அதன் கயிறு குழந்தையின் கைக்கு எட்டாது. ஆகவே, அதனை அசைக்கும் பொறுப்பு வளர்ந்தோராகிய எம்மைச் சாருகின்றது. அறத்தையும் அறிவையும் ஒருங்கே புகட்டிய எமது கல்லூரி அன்னையின் விழாநாளிலே, அவள் மக்கள் சார்பில் அம்மணியை ஒருமுறை அசைத்துவிட்டோம். ஒலி கேட்டோர் 14 விநாடி தாமதிப்பாராக.