சண்முகநதி மணல்

பவுனு என்று பேர் வைத்தது நன்னி, என் பாட்டி. அந்தியூர்க் குதிரைச் சந்தையிலிருந்து லாரியில் வந்து இறங்கிய காலையில், வெயில் பட்டு அதன் செம்பழுப்பு முதுகு மின்னியதைப் பார்த்து, "பவுனாட்டம் இருக்கே" என்றார். அதுவே பேராகிவிட்டது. 1983 ஆடி மாதம். பழனி அன்றைக்கு மதுரை மாவட்டத்தில் இருந்தது. எனக்கு ஒன்பது வயது.

அத்தா ஜட்கா ஓட்டினார். ரயிலடியிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் அடிவாரத்துக்குச் சவாரி. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மலைக்கு வருகிற கூட்டம்தான் எங்கள் வீட்டு உலையில் வெந்தது. நாங்கள் ராவுத்தர்கள். ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரைக்காரர் என்றுதான் பொருள். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று விளித்துப் பாடியிருக்கிறார் என்று தமிழய்யா வகுப்பில் சொன்ன அன்று, வீடு வரைக்கும் ஓடிவந்து அத்தாவிடம் சொன்னேன். குதிரைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார். சொன்னேன். மறுநாள் வண்டி நிறுத்தத்தில் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் இருந்த பழைய குதிரைக்கு வயதாகிவிட்டது. அதனால்தான் அந்தியூர்ப் பயணம். குருநாதசாமி கோயில் ஆடித் தேருக்குக் கூடும் அந்தச் சந்தைக்கு வடக்கேயிருந்தும் குதிரை வரும். சுழி பார்த்து விலை பேசுகிறவர்கள் அங்கே அதிகம். அத்தாவும் சுழி பார்ப்பார். ஆனால் அதற்கு முன்னால் பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், ஒரு பத்தடி நடக்கவிட்டுக் காதைப் பார்ப்பார். பவுனுவுக்கு முன்பல்லில் நடு இரண்டு மட்டும்தான் பால்பல் விழுந்து முளைத்திருந்தன. அப்படியானால் இரண்டரை, மூன்று வயது. நாட்டு மட்டக்குதிரைதான். ஆனால் காது நுனிகள் உள்ளுக்கு வளைந்து ஒன்றையொன்று தொடப்பார்த்தன. காட்டியவார் ரத்தம் எங்கேயோ கலந்திருக்கிறது என்பார் அத்தா.

குதிரையைப் பழக்குவது என்றால் சவுக்கும் ஓட்டமும் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு மாதம் அத்தா அதைத் தொட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. காலையிலும் மாலையிலும் கழுத்து, முதுகு, வயிறு, தொடை, கடைசியில் கால்கள். பிறகு ஒரு காலிக் கோணியை மடித்து உடம்பெல்லாம் தடவினார். பிறகு அதையே விரித்து, படபடவென்று உதறி, முதுகின் மேல் போட்டு எடுத்தார். பவுனு மிரண்டு பின்வாங்கினால் அவரும் நின்றுவிடுவார். அது தலையைத் தாழ்த்தி வாயை மென்று உதட்டை நக்குகிற வரைக்கும் காத்திருப்பார். "இப்ப யோசிக்குது. யோசிக்கிறப்ப தொந்தரவு பண்ணக் கூடாது."

எனக்கும் அதோடு சேர்ந்து பாடம் நடந்தது. நேர் முன்னால் போகாதே, மூக்கடியில் இருப்பது அதற்குத் தெரியாது. நேர் பின்னாலும் போகாதே, அங்கேயும் கண் எட்டாது. தோள் பக்கமாகப் போ, போகும்போதே பேசிக்கொண்டு போ. காது இரண்டும் முன்னால் இருந்தால் எதையோ பார்க்கிறது. ஒன்று மட்டும் உன் பக்கம் திரும்பினால் உன்னைக் கேட்கிறது. இரண்டும் பிடரியோடு படுத்தால் நீ நகர்ந்துகொள். வாய் இல்லாத ஜீவன் என்று யாராவது சொன்னால் அத்தாவுக்குப் பிடிக்காது. "உடம்பெல்லாம் வாய் அதுக்கு" என்பார்.

கடிவாளம் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பனிக்காலம். இரும்பு சில்லென்று இருக்குமென்று அத்தா அதைத் தன் கக்கத்தில் கொஞ்சநேரம் வைத்திருந்து, கருப்பட்டியைக் குழைத்துப் பூசி நீட்டினார். பவுனு நக்கிக்கொண்டே வாங்கிக்கொண்டது. கருப்பட்டியின் மிச்சத்தை நான் நக்கினேன்.

சித்திரை பிறந்ததும் சண்முகநதிக்குப் போக ஆரம்பித்தோம். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும். இளங்குதிரைக்கு மணல்தான் பள்ளிக்கூடம். முட்டிக்கு அதிர்ச்சி இல்லை. மிரண்டு ஓடினாலும் மணல் காலைப் பிடித்துக்கொள்ளும், வேகம் எடுக்க முடியாது. விழுந்தாலும் அடிபடாது. நீளக் கயிற்றில் விட்டு அத்தா நடுவில் நிற்க, பவுனு வட்டமாகச் சுற்றும். இந்தப் பக்கம் பத்துச் சுற்று, அந்தப் பக்கம் பத்துச் சுற்று. நாக்கை மடித்துச் சொடுக்கினால் நடை ஓட்டமாகும். "ட்ர்ர்" என்றால் நிற்கும். பிறகு பின்னால் ஒரு பழைய டயரைக் கட்டி இழுக்கவிட்டோம். டயர் மணலில் உரசும் சத்தத்துக்கு முதல் நாள் துள்ளியது, நான்காம் நாள் அதன் காதுகூட அசையவில்லை. பாடம் முடிந்ததும், நாங்கள் சுமந்துபோன அறுகம்புல்லை அங்கேயே கொட்டிவிடுவோம். அது தின்னும்போது நான் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பேன். கொட்டச் சொன்னது அத்தா. கொட்டிய கை என்னுடையது.

வைகாசியில், வண்டியில் பூட்டப்போகிற வாரத்தில், ஒரு சாயங்காலம் பவுனு கொள்ளைத் தொடவில்லை. ஊறவைத்த கொள்ளுக்கு அது தொட்டியையே உருட்டும். அன்று முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டியது. முன்காலால் தரையைப் பறித்தது. "அத்தா, பவுனு வவுத்தப் பாக்குது" என்றேன். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். லாயத்தைப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு லத்திகூட இல்லை. விலாவில் காதை வைத்தார். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும், கடமுட என்று. அன்று அத்தா வெகுநேரம் காதை எடுக்கவேயில்லை. அவர் முகம் போன போக்கில் எனக்குப் புரிந்துவிட்டது.

பவுனு படுத்துப் புரள ஆரம்பித்தது. நன்னி ஓமம் கொதிக்கவைத்து, மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குள் பக்கத்து வண்டிக்காரர் சைக்கிளில் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார். மெட்ராஸ் வேப்பேரியில் படித்தவர், இளைஞர். வந்ததும் முதலில் அந்தக் குழாயை வாங்கி ஓரமாக வைத்தார். "தலையத் தூக்கி ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்மா. குதிரையால வாந்தியும் எடுக்க முடியாது. உள்ள போனது கீழதான் வரணும்." நன்னி ஓமத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

தாடைக்குக் கீழே விரலை வைத்து நாடி எண்ணினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். கயிறு மாதிரி ஒன்று உருண்டு துடித்தது. "நல்லா இருக்கறப்ப நிமிஷத்துக்கு 30, 40தான் இருக்கும் பாப்பா. இப்ப 64." பிறகு ஸ்டெதாஸ்கோப்பை அடிவயிற்றில் வைத்துக் கேட்டார். அத்தாவிடமும் கொடுத்தார். மணலை முறத்தில் மெல்லத் தள்ளுவதுபோல ஒரு சத்தம் என்று அத்தா பின்னால் சொன்னார்.

கையுறை மாட்டி, தோள்வரை கையை விட்டு, காய்ந்த இரண்டு லத்தி உருண்டைகளை எடுத்தார் டாக்டர். கண்ணாடிப் பாட்டில் கேட்டார். நன்னி சர்க்கரை போட்டுவைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துக் கொடுத்தார். லத்தியை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, திண்ணையில் வைத்தார். அரிக்கேன் வெளிச்சத்தில் எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்தோம். புல் நார் மேலே மிதந்தது. அடியில், ஒரு விரற்கடைக்கு, மணல். மினுமினுப்பான சண்முகநதி மணல்.

"தரையில தீனி போட்டீங்களா ராவுத்தரே?"

அத்தா பதில் சொல்லவில்லை. நான் அவர் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கை பின்னால் வந்து என் தலையில் இருந்தது. "நான்தான் போட்டேனுங்க" என்றார். நான் என்று மட்டும் சொன்னார்.

வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக ரப்பர்க் குழாயை இரைப்பை வரைக்கும் இறக்கி, இரண்டு லிட்டருக்கு மேல் பாரஃபின் எண்ணெய் ஊற்றினார் டாக்டர். தீனி கூடாது. புரளவிடக் கூடாது. மெதுவாக நடத்துங்கள், களைக்கும்வரை அல்ல. இவ்வளவும் சொல்லிவிட்டு, காலையில் வருவதாகப் போனார்.

அந்த இரவு முழுக்க நடந்தோம். வீட்டு வாசலிலிருந்து வையாபுரிக் குளக்கரை வரைக்கும், திரும்ப வாசல் வரைக்கும். அத்தா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வார், நான் தோள் பக்கமாக. நின்று இளைப்பாறுகிறபோதெல்லாம் தாடைக்குக் கீழே விரல் வைத்து எண்ணினேன். கடிகாரம் அத்தா கையில். 60. அப்புறம் 62. அப்புறம் 58. எண்ணிக்கொண்டே இருந்ததால் அழவில்லை என்று இப்போது நினைக்கிறேன். நன்னி திண்ணையில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். எதிரே மலைமேல் விளக்குகள் எரிந்தன. இருட்டில் பவுனுவின் ஒரு காது என் பக்கம் திரும்பியே இருந்தது. நான் பேச்சை நிறுத்தினால் காது முன்னால் போகும், பேசினால் திரும்பி வரும். பேச விஷயம் தீர்ந்துபோய் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும்.

பல வருஷம் கழித்து மார்க்கோ போலோ எழுதியதைப் படித்தேன். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை வருஷா வருஷம் செத்ததையும் சொல்கிறார். எத்தனை ஆயிரம் குதிரைகள் திரும்பித் திரும்பித் தங்கள் விலாவைப் பார்த்திருக்கும் என்று நினைத்தபோது, புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது.

பஜ்ர் பாங்கு சொல்லும் நேரத்தில் நாடி 48. குளக்கரைத் திருப்பத்தில் பவுனு நின்றது. வாலைத் தூக்கியது. எண்ணெய் மினுமினுக்க, மணல் கலந்து, லத்தி விழுந்தது. அத்தா அங்கேயே, அந்த ஈரத் தரையிலேயே, நெற்றியை வைத்து ஸஜ்தா செய்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். "நன்னி, லத்தி போட்டுருச்சு!" தெருவே எழுந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் உள்ளே இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றார். இசப்கோல் உமியைத் தினமும் ஊறிய தவிட்டில் பிசைந்து கொடுத்தோம். உமி வழவழவென்று ஊதி, மணலைக் கூட்டிக்கொண்டு வெளியே வருமாம். அத்தா தீனிக்குப் பலகைத் தொட்டி ஒன்று செய்தார். ஆற்றுக்குப் போகும்போதும் அது எங்களோடு வந்தது, என் தலையில்.

ஹார்லிக்ஸ் பாட்டில் லாயத்துக்கே சொந்தமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அத்தா லத்தியைக் கரைத்து வைப்பார், திரும்பி வந்து பார்ப்பார். முதல் வாரம் அரை விரற்கடை. அடுத்த வாரம் அதிலும் பாதி. நான்காம் வெள்ளிக்கிழமை பாட்டிலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நாரும் தண்ணீரும்தான். அடியில் விரலைவிட்டுத் துழாவி எடுத்து என்னிடம் நீட்டினார். நான்கைந்து மணல் பொடி ஒட்டியிருந்தது.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சேணத்தை எடுக்கப் போனார். "போ கண்ணு, தோள் பக்கமா போய் நில்லு. பூட்டப்போறோம்னு அதுகிட்ட சொல்லு."