இடப்பக்கச் சீட்டு

சங்ககிரிப் பக்கம் ஒருவர் தன்னை டிரைவர் என்று சொன்னால், முன்பெல்லாம் அடுத்த கேள்வி, “யாருகிட்டத் தொழில் பழகுனீங்க?” என்பதுதான். லைசென்ஸ் எந்த ஆபீஸில் எடுத்தார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

என் தாய்மாமா பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். முதல் ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லையாம். கண்ணாடி துடைக்க வேண்டும், தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று “வரட்டும், வரட்டும்” என்று குரல் கொடுக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் லீவரை எடுத்து டயரைத் தட்ட வேண்டும். டங்கென்று துள்ளினால் காற்று இருக்கிறது. சொத்தென்று விழுந்தால் உள்டயர் போயிற்று. அந்த வித்தியாசம் காதில் ஏற ஒரு மழைக்காலம் பிடித்தது என்பார். அப்புறம் ஒருநாள் ராத்திரி, ஆளில்லாத ரோட்டில், “டேய், இப்படி வாடா” என்று டிரைவர் எழுந்து இடம் மாறினாராம். டபுள் கிளட்ச் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கீர் மாற்றுகிற காலம் அது. தப்பினால் கீர் கறகறக்கும். கூடவே பிடரியில் ஓர் அடி விழும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் சோற்றுக்கும் சில்லறைக்கும் வண்டியில் கிடந்தார்கள். குரு சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்ததில்லை. தொப்பூர்க் கணவாயில் தருமபுரியிலிருந்து சேலத்தைப் பார்த்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பரம்பரையாக வந்த பாடம். முழு லோடையும் பிரேக் ஒன்றே தாங்கினால் டிரம் பழுத்துப் பிடிப்பு போய்விடும். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் அப்படி முன்னால் போனவற்றின் மேல் ஏறியிருக்கின்றன! இத்தனைக்கும் கீரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் இன்றைய இன்ஜின் டீசலையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் சும்மா ஓடிக் குடிக்கும். இதை வகுப்பில் உட்கார்ந்துதான் எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் இருக்கிறது. “ஓட்டுற ஆளுக்கு என்ன வகுப்பு?” என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களில் என் மாமாவும் ஒருவர்.

சிரிப்பு அடங்கியது 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு. அதற்கு முன் 2018-இல் இ-வே பில், அடுத்து டோலில் ஃபாஸ்டேக் என்று டிரைவருக்குப் புதுப் பாடங்கள் வந்துகொண்டே இருந்தன. வண்டியே மாறியதுதான் பெரிய பாடம். டீசல் போதாதென்று யூரியாத் தண்ணீர் ஒரு டேங்க். எங்கள் வண்டி ஒருமுறை ஆந்திராவில் ஏற்றத்தில் இழுக்காமல் முனகியது. யூரியா தீர்ந்து லைட் எரிந்ததை டிரைவர் கவனித்திருக்கிறார். அது என்ன லைட் என்றுதான் தெரியவில்லை. நாற்பது வருடம் காதால் வைத்தியம் பார்த்த மெக்கானிக் போனில் கையை விரித்துவிட்டார். கடைசியில் வேறொரு டிரைவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒன்றரை நிமிட வாய்ஸ்தான் வண்டியைக் கிளப்பியது. இப்போது பட்டறையில் முதலில் லேப்டாப் கேபிளைச் சொருகுகிறார்கள், ஸ்பேனர் அப்புறம்தான்.

ஆக, பாடம் கூடியிருக்கிறது. பாடம் கேட்க ஆள்தான் இல்லை. டிரைவர் கிடைக்காமல் வண்டி நிற்கிறது என்று புலம்பாத லாரிக்காரரை இந்தப் பக்கம் பார்ப்பது அரிது. சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் செய்யும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்லதுதான். ஆனால் புது ஆள் வருகிற கதவு வேறு இடத்தில் அடைபட்டுவிட்டது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-இல் போயிற்று. கிளீனரை நாங்கள் அதற்கு முன்பே இறக்கிவிட்டிருந்தோம். வாடகை கட்டுபடியாகவில்லை, டீசல் ஏறிவிட்டது, ஒரு ஆள் படி மிச்சம். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். விதைநெல்லைக் குத்திப் பொங்கிவிட்டு, நாற்றைக் காணோமே என்று இப்போது வரப்பில் நிற்கிறோம்.

வகுப்பு பத்து நாள், வீடியோ பத்து நிமிடம்; இரண்டும் வேண்டும். கயிறு எவ்வளவு இறுக்கினால் சாக்குக் கிழியாது, எந்த இடத்தில் தூக்கம் கண்ணை அடைக்கும், லோடு இறக்குமிடத்தில் வாயைக் கொடுக்காமல் எப்படி வருவது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். எனக்குத் தெரிந்து அதற்குச் செயலி வரவில்லை. இன்று எங்கள் வண்டியின் இடப்பக்கச் சீட்டில் தண்ணீர் கேனும் மாற்றுத்துணிப் பையும் போய் வருகின்றன.

வண்டி வைத்திருக்கும் பங்காளிகளிடம் ஒன்று கேட்கிறேன். பதினெட்டு முடிந்து சின்ன வண்டி லைசென்ஸ் எடுத்த பையன் யாராவது வந்து கேட்டால், படி கொடுத்து அந்தச் சீட்டில் ஏற்றிவிடுங்கள். இருபதில் அவன் பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்துவிடலாம். லீவரையும் அவன் கையிலேயே கொடுங்கள். பிடரியில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.