விலை இறங்கும் வேளை

கடைக்கு நாம் போவது உலக வழக்கம். கடை நம் வீட்டுக்குள் வந்து, எதிரே உட்கார்ந்துகொண்டு, இரவு நெடுநேரம் வரை ஓயாமல் பேசினால் எப்படியிருக்கும்? 2005-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இலண்டன் சென்றிருந்தபோது அப்படியொரு கடையைக் கண்டேன். வணிகவியல் மாணவர்க்குப் பாடநூலில் கிட்டாத சில செய்திகள் அதில் இருந்தமையால் இங்கே எழுதுகிறேன்.

தொலைக்காட்சிக் கடை பிரிட்டனுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் கியூ.வி.சி. 1993-லேயே அங்கே கால் ஊன்றிவிட்டது. ஆனால் 2000 அக்டோபரில் தொடங்கிய ‘பிட்-அப் டி.வி.’ கடையை ஏலக்களமாகவே மாற்றிவிட்டது. பின்னர் அது ‘பிட் டி.வி.’ ஆயிற்று. 2003-இல் ‘பிரைஸ்-டிராப் டி.வி.’ என்றொரு தங்கையும் பிறந்தாள். ‘சிட்-அப்’ என்ற கம்பெனி இரண்டையும் நடத்தியது.

ஏலமென்றால் விலை ஏற வேண்டுமல்லவா? தங்கை வீட்டில் அது இறங்கும்! ஒரு கைக்கடிகாரம் திரையில் தோன்றும். நூறு பவுன் என்பார்கள். அது எண்பதாகும், ஐம்பதாகும். இறங்க இறங்கச் சரக்கின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வரும். ஹாலந்து நாட்டுப் பூச்சந்தையிலும் விலை இறங்குவதுண்டு; ஆனால் அங்கே முதலில் கைதூக்கியவன் சொன்ன விலையைக் கொடுத்தே தீரவேண்டும். இங்கோ, கடைசி உருப்படி எவ்விலைக்குப் போகிறதோ அவ்விலைதான் அனைவருக்கும். முந்திக்கொண்டால் நட்டமில்லை, காத்திருந்தால் சரக்குத் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம். வாங்குபவனின் தயக்கத்தை இதைவிட நயமாக உடைத்தவர்களை நான் கண்டதில்லை. சரக்கு எத்தனை, விலை எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதெல்லாம் விற்பவர் கையில்! அனுப்பும் கூலி வேறு தனி.

நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் எழுபது கடந்த ஒரு கைம்பெண். நான் நூலகத்திலிருந்து திரும்பும்போது அவர் கையில் தொலைபேசியுடன் அமர்ந்திருப்பார். பி.பி.சி.யில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்ற பீட்டர் சைமன் திரையில் ஏதேனும் கோமாளித்தனம் செய்வார். அம்மையார் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். ஒருநாள், கற்றதைக் காட்டும் ஆர்வத்தில், இந்த ஏலத்தின் சூட்சுமத்தைத் தாளில் வரைந்து அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் எனக்குத் தெரியும், தம்பி. நேற்று என் பெயரையும் ஊரையும் அவர்கள் படித்தார்கள். இந்த வாரம் என் பெயரை வேறு யார் சொன்னார்கள்?” என்றார்.

தேவை, அளிப்பு என்று நான் போட்ட கோடுகள் இரண்டும் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டன. அவர் வாங்கிய பெட்டிகளுள் பல பிரிக்கப்படாமலே மாடிப்படிக்கடியில் கிடந்தன. அவற்றைப் பிரிக்கச் சொல்ல அதன்பின் எனக்கு வாய் வரவில்லை.

அந்த 2005-இலேயே டெலிவெஸ்ட் என்னும் கேபிள் நிறுவனம் சிட்-அப்பைத் தன்வசமாக்கிக்கொண்டது. அது வர்ஜின் மீடியாவானபின் 2009-இல் ஜெர்மனியின் அவுரேலியஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கைமாறக் கைமாறக் கடையின் களையும் குறைந்தது. கணினியிலே நாலு கடை விலையை நொடியில் ஒப்பிடலாம் என்ற நிலை வந்தபின், ‘வெளியில் இதன் விலை இவ்வளவு’ என்று முழங்கினால் யார் நம்புவார்? அந்த ஒப்பீடுகளே தவறான எண்ணம் தருவதாக விளம்பரத் தர ஆணையம் பலமுறை கண்டித்தது. பிறகு ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் வரை விவகாரம் போயிற்று. இணையத்தைவிட இந்தக் கண்டனங்களே கடையின் பெயரை அதிகம் அரித்தன என்பது என் கருத்து. ஏலக்காரனுக்கு வாய்ச்சொல்தானே முதல்!

2014 ஏப்ரல் 17, பெரிய வியாழக்கிழமை. கம்பெனி கடன் நிர்வாகிகளின் கைக்குப் போய், இரண்டு அலைவரிசைகளும் அன்றே நின்றன. பீட்டர் சைமன் பிறகு வேறொரு தொலைக்காட்சிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். எங்கள் அம்மையார் அந்நாளைக் காணவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்னரே காலமாகிவிட்டார். மாடிப்படிக்கடியில் இருந்த பெட்டிகளை அவருடைய மகள் ஒரு தருமக் கடைக்குக் கொடுத்துவிட்டதாக, அவ்வீட்டில் என்னுடன் தங்கியிருந்த நண்பர் எழுதியிருந்தார்.