நடுவில் ஒரு வெற்றுப் பாதை

சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் மேசை ஒன்றின் மேல் மூடி கழற்றிய இரண்டு அடாப்டர்கள் கிடந்தன. இரண்டின் முதுகிலும் 12 வோல்ட் என்றே அச்சு. மல்டிமீட்டரை வைத்தால் இரண்டும் 12தான் காட்டும். பலகையைத் திருப்பினால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒன்றில், கரண்ட் நுழையும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் நடுவே செம்புத்தடமே இல்லாத வெற்றுப் பாதை ஒன்று, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு வளைந்து ஓடுகிறது. அதன் குறுக்கே நிற்பவை மூன்றே பொருள்கள்: டிரான்ஸ்பார்மர், ஒளி வழியே சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளர், நீல நிற வட்டக் கெபாசிட்டர். ஆப்டோகப்ளரின் கால்களுக்கு நடுவே பலகையையே அறுத்துவிட்டிருக்கிறார்கள். மற்றொன்றில் அந்தப் பாதை பென்சில் கோடாகச் சுருங்கியிருந்தது. இந்த வெற்றிடத்தைக் காப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்கிறேன்; சந்தை கூலி கொடுக்காத வேலையும் அதுவே.

வெறும் 12 வோல்ட் யாரை என்ன செய்யும் என்று கேட்கலாம். அந்த 12, இரண்டு ஒயர்களுக்கு இடையே உள்ள கணக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து தரையிலிருந்து எத்தனை வோல்ட்டில் நிற்கின்றன என்பது வேறு கணக்கு. உள்ளே 230 வோல்ட் ஏசி, டையோடுகளைத் தாண்டிச் சுமார் 325 வோல்ட் டிசியாகத் தேங்குகிறது. மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி டிரான்ஸ்பார்மருக்கு விடுகிறது. சக்தி காந்தப்புலமாகக் கடக்கிறது. ஒயர் எதுவும் கடப்பதில்லை. இந்தத் தடுப்பு உடைந்தால் அந்த 12 வோல்ட் ஒயர்களும் மெயின் வோல்ட்டில் நிற்கும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே சுற்றும் மஞ்சள் டேப்பைக் குறைத்தாலும், மூன்றடுக்கு உறைக் கம்பிக்குப் பதில் சாதா எனாமல் கம்பியைச் சுற்றினாலும், 12 வோல்ட் 12ஆகவே வரும். அதனால்தான் "அவுட்புட் வந்தால் போதும்" என்று விலையை அடித்து ஆர்டர் எடுக்கும் இடைத்தரகர் முதலில் கைவைப்பது அங்கே. காயில் சுற்றும் தொழிலாளி கவனமாகப் போட்ட ஒரு சுற்று டேப்பை எந்த பில்லிலும் காட்ட முடியாது. கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே என்பார்கள். எல்லா வீட்டிலும் அது இல்லை. இருந்தாலும், 30 மில்லி ஆம்பியர் அளவில் கசிவு உடம்பு வழியே ஓடத் தொடங்கிய பிறகுதான் அது விழும்.

நீலக் கெபாசிட்டரை ஆபத்து என்று நினைப்பவர்களும் உண்டு. உலோக உடம்புள்ள கருவியைத் தொட்டால் ஜிவ்வென்று இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். ஆனால் 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியே 230 வோல்ட்டில் போகக்கூடியது 0.16 மில்லி ஆம்பியர்தான். ரேடியோ இரைச்சலை அடக்க வைத்த பொருள் அது. பழுதானாலும் ஷார்ட் ஆகிவிடாதபடி தனித் தரத்தில் செய்யப்படுவது. அந்த இடத்தில் அதே மதிப்புள்ள சாதாரண டிஸ்க் கெபாசிட்டரைப் பற்றவைப்பதுதான் கொடுமை. அது ஒருநாள் ஷார்ட் ஆனால் வெற்றுப் பாதையே மெயின் லைனாகிவிடும்.

அப்படியானால் பழுதே பார்க்காமல் தூக்கிப் போடலாமே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இந்தியாவில் அடாப்டர்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஆனால் அந்த முத்திரை இருப்பது மூடியின் மேல். விற்ற பிறகு மூடிக்குள் எட்டிப் பார்க்கிற ஒரே கண் இந்த மேசையில்தான் இருக்கிறது. பல்பு கோத்த சீரிஸ் போர்டில் அடாப்டரைச் செருகி, பல்பு மின்னி அணைவதைப் பார்ப்பதோடு ஷார்ட் சோதனை முடிகிறது. தடுப்பைச் சோதிக்க அது போதாது. இன்புட் முனைகளைச் சேர்த்து ஒரு பக்கம், அவுட்புட் முனைகளைச் சேர்த்து மறுபக்கம், நடுவே இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்து முள் இன்ஃபினிட்டியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. மேசைக்கு எதிரே நிற்பவர் கேட்பது, "அண்ணே, 12 வருதா?"